2025: எனக்குப் பிடித்த அஞ்சு

வருஷக் கடைசி வந்தால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். டாப் டென் படம், டாப் டென் பாட்டு, இதுக்கு மூணரை ஸ்டார், அதுக்கு நாலு ஸ்டார். நமக்கும் அந்த ஆசை உண்டு. போன வாரம் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். இந்த வருஷம் நான் பார்த்த படம் மட்டும் 34. (போன செமஸ்டர் மார்க் ஏன் அப்படி வந்தது என்று இப்போதுதான் புரிகிறது, ஹிஹி.)

எழுதி முடித்துவிட்டு மேலிருந்து கீழே படித்தால், பாதிக்கு மேல் கதையே ஞாபகம் இல்லை. பார்க்கும்போது விசில் அடித்த படம்கூட இப்போது வெறும் பெயராக நிற்கிறது. நன்றாக ஞாபகம் இருந்தது அஞ்சே அஞ்சுதான். அதில் படம் ரெண்டு, தொடர் ஒண்ணு, புத்தகம் ஒண்ணு, பாட்டுக்காரம்மா ஒருத்தர்.

ஏன் இந்த அஞ்சு மட்டும் என்று யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இந்த அஞ்சும் முடிந்த பிறகு என் பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தர், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். அதனால் ஸ்டார் எல்லாம் கிடையாது. "இதைப் பார்த்துவிட்டு யார் வாயைத் திறந்தார்கள்?" என்பதுதான் இந்தப் பட்டியலில் சேருவதற்கான தகுதி. 2025-ல் வெளிவந்ததாக இருக்கவேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. நான் 2025-ல் பார்த்ததாக, படித்ததாக, கேட்டதாக இருந்தால் போதும்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஊர் மல்லசமுத்திரம். நாமக்கல் மாவட்டம், பக்கத்து டவுன் திருச்செங்கோடு. படிப்பது சென்னையில். இந்தத் தகவல் பின்னாடி வேண்டியிருக்கும்.

5. டூரிஸ்ட் ஃபேமிலி

மே 1-ஆம் தேதி வந்த படம். புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். சசிகுமார், சிம்ரன், ரெண்டு பையன்கள். இலங்கையில் பிழைக்க முடியாமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறும் குடும்பம். யார் என்று தெரிந்தால் ஆபத்து, அதனால் உங்கள் இலங்கைத் தமிழைப் பேசிவிடாதீர்கள் என்று அவர்களை எச்சரிக்கிறார்கள்.

ரூமில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். எல்லாரும் சிரித்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகதிகள் பட்ட கஷ்டத்தோடு என்னைச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது வேறு. ஆனால் வாயைத் திறக்கும் முன்னாடி ஒரு தடவை யோசித்துப் பேசுவது எனக்குத் தெரியும். முதல் வருஷம் நான் "ஏனுங்க", "சொல்லிப்போட்டாங்க" என்று பேசினால் ரூமில் ஒரே சிரிப்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோயமுத்தூர்த் தமிழ் என்றாலே அவர்களுக்குக் காமெடிதான். 1995-ல் வந்த 'சதி லீலாவதி'யிலிருந்து நம்ம பேச்சு சினிமாவில் பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தானே வருகிறது. (நான் நாமக்கல் மாவட்டத்துக்காரி, எங்கள் பேச்சு கொஞ்சம் வேறு என்று சொன்னாலும் யார் கேட்கிறார்கள்!) ஆறு மாசத்தில் நான் ஹாஸ்டல் தமிழுக்கு மாறிவிட்டேன். வீட்டுக்குப் போன் பேச வேண்டும் என்றால் மட்டும் மொட்டைமாடிக்குப் போவேன்.

படம் முடிந்ததும் தூத்துக்குடிக்காரத் தோழி சொன்னாள்: "நான் எங்கம்மாட்ட பேச பாத்ரூமுக்குப் போவேன், தெரியுமா?" தெரியாது. ரெண்டு வருஷம் ஒரே ரூமில் இருந்திருக்கிறோம். நான் மாடியில், அவள் பாத்ரூமில்! இப்போது ரெண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தே சத்தமாகப் பேசுகிறோம். மற்ற ரெண்டு பேர்தான் பாவம் :-)

4. கே.பி.சுந்தராம்பாள்

இளையராஜா மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன்னுடைய 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். இந்த வருஷத்தின் பெரிய இசைச் செய்தி அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வருஷம் நான் அதிகம் கேட்டது கே.பி.எஸ். காரணம் அம்மா.

எங்கள் வீட்டோடு ஒட்டித் தறிப்பட்டறை. அம்மா தார் சுற்றும்போது பக்கத்தில் போனை வைத்துப் பாட்டு போட்டுக்கொள்ளும். தறிச் சத்தத்தில் இளசான குரல் எதுவும் காதில் ஏறாது. கே.பி.எஸ். குரல் ஏறும். "எதுக்கும்மா இந்தப் பழைய பாட்டு?" என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் இது: "இந்தம்மா பாடுனாத்தான் தறிக்கு மேல கேக்குது."

அதற்கப்புறம்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். நம்ம காவிரிக்கரை ஊர். மைக் சரியாக இல்லாத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல். தறியைத் தாண்டி வருவதில் ஆச்சரியமே இல்லை. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்தபோது இவருக்கு வயது 25. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சேலைதான். 1951-ல் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 'ஔவையார்' வந்தது 1953-ல்.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "பள்ளிக்கூடத்துல நாந்தான் தெனமும் கடவுள் வாழ்த்துப் பாடுவேன். கண்ணாலத்துக்கப்புறம் யாரும் பாடச் சொல்லல, நானும் பாடல." பெரிய சோகமாகச் சொல்லவில்லை. தார் சுற்றிக்கொண்டே சொன்னது. நான் பாடச் சொன்னேன். "போடி, வேலையப் பாரு" என்றது. இன்னும் பாடவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

3. அயலி

2023 ஜனவரியில் ஜீ5-ல் வந்த தொடர். எட்டு பாகம். இயக்கம் முத்துக்குமார். நான் ரெண்டு வருஷம் லேட். இந்தத் தீபாவளி லீவில்தான் பார்த்தேன், அதுவும் அம்மாயியோடு.

கதை 1990-ல், புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊரில் நடக்கிறது. வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக்கூடாது, அயலி கோயிலுக்குள் நுழையக்கூடாது, உடனே கல்யாணம். தமிழ்ச்செல்விக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. அதனால் வயசுக்கு வந்ததை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அபி நட்சத்திரா பிரமாதமாக நடித்திருக்கிறார். அம்மாவாக வரும் அனுமோளும் அப்படித்தான்.

அம்மாயிக்கு சீரியல் என்றால் உயிர். சன் டிவியில் சாயங்காலம் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் நகராது. "இது புது சீரியல், எட்டு நாள்ல முடிஞ்சிரும்" என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். ரெண்டு பாகம் வரைக்கும் அம்மாயி தொணதொணவென்று பேசிக்கொண்டே பார்த்தது. மூணாவதில் இருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டது என்று நினைத்துத் திரும்பினால் நல்லா விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி பாகம் முடிந்ததும் சொன்னது: "நானும் மூணு மாசம் சொல்லாமத்தான் இருந்தேன் கண்ணு."

அரைப் பரீட்சை வர இருந்ததாம். ஏழாவது. கணக்கில் அம்மாயிதான் முதல். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும். பரீட்சை வரைக்கும் தள்ளிவிடலாம் என்று மூணு மாசம் யாருக்கும் தெரியாமல் கிணற்றடியில் துணி அலசியிருக்கிறது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டார்கள். பரீட்சை எழுதவில்லை. கதை அவ்வளவுதான்.

அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்றது. அம்மாவுக்கும் இது தெரியாது. பெற்ற மகளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை ஒரு செல்போன் திரை சொல்ல வைத்துவிட்டது. "ஏம்மா எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று அம்மா கேட்டதற்கு அம்மாயி, "நீ கேக்கவே இல்லியே" என்றது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அம்மாயி மனக்கணக்காகத்தான் போடும். கால்குலேட்டர் வைத்துக்கொண்டு நான் தப்பு விடுவேன், அது விடாது. இத்தனை நாளும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த எழுதாத பரீட்சையைப் பற்றி இப்போதுதான் தெரியும்.

2. ஆளண்டாப் பட்சி

பெருமாள்முருகன் எழுதிய நாவல், 2012-ல் வந்தது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு (ஜனனி கண்ணன் செய்தது) 2023-ல் ஜேசிபி பரிசு கிடைத்தது. பரிசு வாங்கியதால்தான் நான் இதைக் கேள்விப்பட்டேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து, நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்தியவரை, பக்கத்து ஊர்க்காரியான நான் சென்னை லைப்ரரியில் போய்க் கண்டுபிடிக்கிறேன். என்ன சொல்ல!

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. எனக்கு அப்போது பத்து வயசு. நூல் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அந்த எழுத்தாளர், இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார். ஆனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் நல்ல பெயர் இல்லை. அதனால் ஆளண்டாப் பட்சியை பேகில் துணிக்கு அடியில் வைத்துத்தான் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பா பார்த்துவிட்டார். "அவன் பொஸ்தகமா? நம்மூரையே கேவலமா எழுதுனவன்" என்றார். "நீங்க படிச்சீங்களாப்பா?" என்றேன். "நீ படிச்சியா?" என்றார். மாட்டிக்கொண்டேன். மாதொருபாகனை நானும் படித்திருக்கவில்லை! பத்து வருஷமாக ரெண்டு பேரும் படிக்காமலேயே அவர் எதிர்த்திருக்கிறார், நான் ஆதரித்திருக்கிறேன். (பிற்பாடு படித்தேன். எனக்கு அதில் தெரிந்தது காளி, பொன்னா என்ற புருஷன் பெண்டாட்டி ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த பிரியமும், குழந்தை இல்லை என்பதற்காக ஊர் அவர்களைப் படுத்தும் பாடும்தான். அப்பா அதை இன்னும் தொடவில்லை. அது அவர் இஷ்டம்.)

ஆனால் ஆளண்டாப் பட்சியை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். காரணம், முதல் சில பக்கத்திலேயே வண்டி, மாடு, மேட்டாங்காடு. கூட்டுக்குடும்பத்தில் நிலம் பாகம் பிரிக்கிறார்கள். அதில் மூத்தவன் அநியாயம் செய்கிறான். இளையவன் முத்து மனசு விட்டுப்போய், வேறு மண் தேடிக் குப்பனோடு மாட்டுவண்டியில் கிளம்புகிறான். புது இடத்தில் ஒரு கிணறு, ஒரு குடிசை, ஒரு பயிர் என்று முதலில் இருந்து ஆரம்பிப்பதுதான் கதை. நிலம் பார்ப்பது எப்படி, தண்ணி பார்ப்பது எப்படி என்று அவ்வளவு விவரம் இருக்கிறது. அப்பா ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டே நாலு நாளில் முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்பாதான் மூத்தவர். 2014-ல் பாகம் பிரித்தபோது கிணறு இருக்கும் பக்கம் அப்பாவுக்கு வந்தது. சித்தப்பா கோவித்துக்கொண்டு பள்ளிபாளையம் போனவர், திரும்பி வரவில்லை. அப்பா எப்போதும் சொல்வது, "நான் யாரையும் ஏமாத்தல." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவனுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை நான் கேக்கல" என்றார்.

உடனே போன் போட்டார், அண்ணன் தம்பி கட்டிப்பிடித்தார்கள் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கார்த்திகையில் ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்டார்கள். "எப்ப வந்த?", "இப்பத்தான்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதுவே எங்கள் வீட்டில் பதினோரு வருஷத்துக்கு அப்புறம்.

1. குடும்பஸ்தன்

ஜனவரி 24-ஆம் தேதி வந்த படம். ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம், மணிகண்டன் ஹீரோ. கோயமுத்தூர் நக்கலைட்ஸ் ஆட்கள் எடுத்தது. இதில் வேலை செய்த பிரசன்னா பாலச்சந்திரன், 2022-ல் சோனி லிவ்வில் வந்த 'சேத்துமான்' படத்தில் வெள்ளையனாக நடித்தவர். அந்தப் படமும் பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதைதான். பேரனைப் படிக்க வைக்க நினைக்கும் தாத்தாவின் கதை, தவறவிடாதீர்கள்.

திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்தி நூற்றுக்கு மேல் படம் எடுத்தார். ஆனாலும் நம்ம வீட்டில் பேசுகிற மாதிரியே திரையில் சண்டை போடுவதைப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. குடும்பஸ்தனில் பேச்சு காமெடிக்காக ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. மாமியார், மச்சான், கடன்காரன் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதனால் பேச்சைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, நிலைமையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

நவீன் காதல் கல்யாணம் செய்தவன். விளம்பர ஏஜென்சியில் டிசைனர். வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிச் சமாளிக்கிறான். படம் முழுக்கக் காமெடி.

மே மாச லீவில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். முதலில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். குரு சோமசுந்தரம் வரும் சீனில் எல்லாம் கண்ணில் தண்ணி. அப்புறம் அந்த வேலைக்குப் போகிற மாதிரி நடிக்கும் பகுதி வந்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பீடிக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். படம் முடிந்து வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, நின்றுகொண்டே சொன்னார்: "அந்த நாலு தறி ரிப்பேருக்குப் போகல. வித்துப்போட்டேன்."

எங்களுக்கு எட்டுத் தறி. கூலிக்கு நெசவு. பாவும் நூலும் கொடுப்பவர் ஆர்டரைக் குறைத்தால் தறி நிற்கும், கரண்டு பில் நிற்காது. எங்கள் பக்கம் தறியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போடுவது ஒன்றும் புதுசு இல்லை. நான் பொங்கலுக்கு வந்தபோதே நாலு தறி இடம் காலியாகத்தான் இருந்தது. ரிப்பேர் என்றார், நம்பினேன். அந்த மாசம்தான் எனக்கு காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டும் கட்டினார். என்ன கணக்கு என்று அம்மாயி அளவுக்கு இல்லாவிட்டாலும் எனக்கும் போடத் தெரியும்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அழவில்லை. "எனக்குத் தெரியாதாக்கும்? சத்தம் பாதியாப் போச்சே" என்றது. நாலு மாசமாகத் தெரிந்தும், அவராகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறது. இவர் மறைக்கிறார், அம்மா தெரியாத மாதிரி மறைக்கிறது, நான் நம்பிக்கொண்டு சென்னையில் 34 படம் பார்க்கிறேன்.

படம் எனக்கு நம்பர் ஒன் ஆனது இதனால்தான். இதைவிட நன்றாக எடுத்த படங்கள் இந்த வருஷம் இருக்கலாம். கிளைமாக்ஸ் சட்டென்று முடிந்தது என்று ரூமில் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் எங்கள் அப்பாவை நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார். நவீன் என்று ஒருத்தன் முன்னாடி போய் மாட்டிக்கொண்டதால், அப்பாவால் பின்னாடி வந்து சொல்ல முடிந்தது.

ஜூனில் இருந்து சாயங்காலம் ரெண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஹாஸ்டல் மெஸ் பில் அதில் போகிறது. பெரிய தியாகம் எல்லாம் இல்லை, படம் பார்க்கும் நேரம்தான் கொஞ்சம் குறைந்தது.

இவ்வளவுதான் என் அஞ்சு. வீட்டு விஷயத்தை இப்படி எழுதலாமா என்று எனக்கே கொஞ்சம் உதறலாக இருந்தது. எழுதும் முன்னாடி அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்துதான், சத்தமாகத்தான். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்:

"எழுது அம்மிணி. ஆனா எட்டுத் தறி இருந்துச்சுன்னும் எழுது."

எழுதிவிட்டேன் அப்பா.

பி.கு. 1: அடுத்த வருஷம் பார்க்க வேண்டியது, படிக்க வேண்டியது என்று லிஸ்ட் வைத்திருக்கிறவர்கள் எனக்கும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரும் ஆள் யார் என்பதையும் யோசித்துச் சொன்னால் நல்லது.

பி.கு. 2: அம்மாயிக்கு அடுத்த சீரியல் வேண்டுமாம். "எட்டு நாள்ல முடியறதா பாரு" என்று உத்தரவு. தேடிக்கொண்டிருக்கிறேன் :-)